வால் ஆடுது பாருங்க!

செருப்பைப் படலுக்கு வெளியே விட்டுவிட்டு, சத்தம் போடாமல் உள்ளே வாருங்கள். சேலம் மாவட்டம் மேச்சேரிப் பக்கத்துச் செம்மறிப் பட்டி இது. ராத்திரி இரட்டைக் குட்டி விழுந்திருக்கிறது! மேச்சேரி இனத்தில் இரட்டை அபூர்வம். தாய் ஒன்றை நக்கிச் சேர்த்துக்கொண்டது. இன்னொன்றை முட்டித் தள்ளிவிட்டது. தள்ளப்பட்டது இதோ, பட்டிக்கார அக்கா மடியில், சாக்குக்குள் நடுங்கிக்கொண்டு. இரண்டே கிலோ. ஐயோ, அந்தக் காதுகள்!

அக்கா கையில் இருப்பது சீம்பால், தாயைப் பிடித்து நிறுத்தி இப்போதுதான் கறந்தது. மஞ்சளாய், கெட்டியாய், விரலில் ஒட்டுகிறது. குட்டி பிறக்கும்போது ரத்தத்தில் நோயெதிர்ப்புப் புரதம் அநேகமாக இருக்காது. செம்மறியின் நஞ்சுக்கொடி அதைக் கருவுக்கு விடுவதில்லை. எல்லாம் இந்தப் பாலில்தான் வரவேண்டும். அதைக் குடல் நன்றாக உறிஞ்சுவது முதல் ஆறு மணி நேரம். ஒரு நாளானால் கதவு அடைத்துவிடும்.

"அடுப்புல வெச்சுச் சூடு பண்ணலாமாக்கா?"

"ஐயையோ, திரிஞ்சு கட்டியாயிடும் கண்ணு!"

எவ்வளவு அருமையான சங்கதி! கருப்பட்டி, ஏலக்காய் போட்டு நாம் ஆவியில் வேகவைக்கும் மாட்டுச் சீம்பால் கட்டியாக உறைகிறதே, அதற்கு இந்த எதிர்ப்புப் புரதங்களும் ஒரு காரணம். நமக்குப் பலகாரம். குட்டிக்கோ அது உறைந்தால் காப்பே போச்சு. அதனால் புட்டியை வெந்நீர்ச் சட்டியில் நிறுத்தி, ஆட்டின் உடம்புச் சூடான 39 டிகிரி வந்ததும் எடுத்தாயிற்று.

முதலில் அக்கா விரலைக் குட்டி வாய்க்குள் விட்டுப் பார்க்கிறார். வாய் ஜில்லென்றிருந்தால் பால் கிடையாது, முதலில் சூடேற்ற வேண்டும். இது கதகதப்பு, விரலைச் சப்பவும் செய்கிறது! மல்லாத்தாமல் நிற்கவைத்து, தலையைச் சற்றே தூக்கி நிப்பிளை வைக்கிறார். ஒரு நொடி ஒன்றுமில்லை. அப்புறம் வால்! படபடவென்று ஆடுகிறது! சப்பச் சப்ப உள்ளே ஒரு வாய்க்கால் மூடிக்கொண்டு, பாலை அசையூண் பையில் விடாமல் நேரே நான்காம் வயிற்றுக்குக் கொண்டுபோகிறது. கிலோவுக்கு 50 மில்லி கணக்கில் இப்போது 100. விட்டுவிட்டுக் கொடுத்து, ஒரு நாளைக்குள் 400 மில்லி போயாக வேண்டும்.

ஆடு வளர்ப்பவர்களே, பால் மிச்சமுள்ள நல்ல ஆட்டிடம் கொஞ்சம் சீம்பால் கறந்து, சின்னப் புட்டிகளில் தேதி எழுதி இப்போதே ஃப்ரீசரில் வையுங்கள். ஒரு வருஷம் தாங்கும். உருக்க இளஞ்சூட்டு வெந்நீர் போதும், மைக்ரோவேவ் வேண்டவே வேண்டாம்.