பட்டனை அழுத்தினா சத்தமே வரலையா? போர்டு மேல பழி போடாதீங்க

செகண்ட் ரிவ்யூவுக்கு நாலு நாள் இருக்கும்போது எங்க வீட்டு டெஸ்க்டாப் ஆன் ஆகல. புராஜெக்ட் கோடு, டேட்டாசெட், பாதி எழுதின ரிப்போர்ட் எல்லாம் அதுக்குள்ளதான். கிட்ஹப்ல போட்டு வச்சிருக்கலாமேன்னு நீங்க கேக்க வேண்டாம், கைடு ஏற்கனவே கேட்டுட்டார். கடைக்குத் தூக்கிட்டுப் போனோம். அங்க இருந்த அண்ணன் பட்டனை ரெண்டு தடவை அழுத்திப் பாத்துட்டு, "மதர்போர்டு போயிடுச்சு தம்பி, எட்டாயிரம் ஆகும்"னு சொன்னார். அப்பா யார்கிட்ட பணம் கேக்கலாம்னு அங்கேயே யோசிக்க ஆரம்பிச்சுட்டார்.

கடைசில பாத்தா போர்டுக்கு ஒண்ணும் ஆகல. இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஆன செலவு பூஜ்யம். நீங்களும் போர்டுக்குப் பணம் எடுத்து வைக்கறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க.

முதல்ல ஒரு விஷயம். "ஆன் ஆகல"ன்னு நாம சொல்றதுல ரெண்டு வேற வேற நோய் இருக்கு. ஃபேன் சுத்துது, லைட் எரியுது, மானிட்டர் மட்டும் கருப்பா இருக்குன்னா அது டிஸ்பிளே பிரச்சினை. பெரும்பாலும் ரேமைக் கழட்டி, தங்கக் கலர் முனையை ரப்பரால லேசா தேய்ச்சு, திரும்ப மாட்டினாலே சரியாகிடும். பிராசஸருக்குப் பக்கத்துல வர்ற 4 பின் இல்லன்னா 8 பின் கனெக்டர் கழண்டிருந்தாலும் இப்படித்தான் ஆகும். இந்தக் கட்டுரை அதைப் பத்தி இல்ல. பட்டனை அழுத்தினா ஒரு சின்ன சத்தம் கூட இல்லாம பிணம் மாதிரி கிடக்குதே, அதைப் பத்தி.

கரண்ட் எந்த வழியா வருதோ அதே வழியா போய்ப் பாக்கணும். சுவர்ல இருந்து ஆரம்பிங்க. சிரிக்காதீங்க, அதே பிளக் பாயின்ட்ல மொபைல் சார்ஜரைச் சொருகிப் பாருங்க. நடுவுல ஜங்ஷன் பாக்ஸோ யூபிஎஸ்ஸோ இருந்தா அதைத் தூக்கிட்டு நேரா சுவர்ல குடுங்க. பேட்டரி செத்த யூபிஎஸ் நிறைய பேரை ஏமாத்தியிருக்கு. பவர் கேபிள் மேல சந்தேகமா? பெரும்பாலான மானிட்டருக்கு வர்றதும் அதே மூணு பின் கேபிள்தான், மாத்திப் போட்டுப் பாருங்க. அப்புறம் எஸ்எம்பிஎஸ் பின்னாடி இருக்க சின்ன ஸ்விட்ச். வீடு பெருக்கும்போது யாராவது தட்டி விட்டிருப்பாங்க, கோடு போட்ட பக்கம் அழுந்தி இருக்கணும். பழைய எஸ்எம்பிஎஸ்ல 115, 230ன்னு எழுதின சிவப்பு ஸ்லைடர் ஒண்ணு இருக்கும். அது 230ல இருக்கணும். நம்ம ஊர் கரண்ட்ல 115க்குத் தள்ளிட்டு ஆன் பண்ணா பட்டாசு வெடிக்கும்.

இவ்வளவும் சரியா இருந்தா, கேபிளைப் பிடுங்கிட்டு பவர் பட்டனை ஒரு 30 செகண்ட் அழுத்திப் பிடிங்க. அஞ்சு நிமிஷம் விட்டுட்டு திரும்பச் சொருகுங்க. வோல்டேஜ் ஏறி இறங்கினா சில எஸ்எம்பிஎஸ் தன்னைக் காப்பாத்திக்கத் தானே பூட்டிக்கும். மெயின் கரண்ட் முழுசா போய், உள்ள இருக்க சார்ஜ் இறங்கினாதான் அந்தப் பூட்டு திறக்கும்.

இனிமேதான் முக்கியமான இடம். முன்னாடி இருக்க பவர் பட்டன், டியூப்லைட் ஸ்விட்ச் மாதிரி கிடையாது. பழைய ஏடி கம்ப்யூட்டர்ல அப்படித்தான் இருந்துச்சு, மெயின் கரண்டே பட்டன் வழியா போகும். 1995ல இன்டெல் ஏடிஎக்ஸ் கொண்டு வந்ததும் கதை மாறிடுச்சு. இப்போ எஸ்எம்பிஎஸ் முழுசா தூங்கறதே இல்ல. சுவர்ல ஸ்விட்ச் போட்டிருந்தாலே ஊதா வயர்ல 5 வோல்ட் வந்துட்டே இருக்கும். பட்டன் செய்யறது ரெண்டு பின்னை ஒரு நொடி தொட வைக்கறது, அவ்வளவுதான். அதைப் பாத்ததும் போர்டு, பச்சை வயரைக் கிரவுண்டோட சேர்க்கும். அப்போதான் எஸ்எம்பிஎஸ் முழிச்சு 12, 5, 3.3 வோல்ட் எல்லாத்தையும் அனுப்பும்.

இது புரிஞ்சா மூணு கேள்விதான். ஊதா வயர்ல 5 வோல்ட் இருக்கா? பட்டன் சொல்றது போர்டுக்குப் போகுதா? பச்சையைக் கிரவுண்ட் பண்ணா எஸ்எம்பிஎஸ் முழிக்குதா?

முதல் கேள்விக்கு போர்டைப் பாருங்க. நிறைய போர்டுல கரண்ட் இருந்தாலே ஒரு குட்டி எல்இடி எரியும். இல்லன்னா லேப்ல இருந்து மல்டிமீட்டர் கடன் வாங்கி, டிசி 20 வோல்ட்ல வச்சு, 24 பின் கனெக்டரோட பின்பக்கம் கருப்பு வயர்லயும் ஊதா வயர்லயும் வைங்க. 4.75ல இருந்து 5.25க்குள்ள காட்டினா ஓகே. பூஜ்யம்னா எஸ்எம்பிஎஸ்தான் குற்றவாளி.

எனக்கு 5.1 காட்டுச்சு. அப்போ ரெண்டாவது கேள்வி. போர்டோட கீழ் ஓரத்துல கேபினெட்ல இருந்து வர்ற மெல்லிசான வயர்கள் சொருகியிருக்கும். பவர் ஸ்விட்ச்னு இருக்க வயரை உருவிட்டு, அந்த ரெண்டு பின்னை மட்டும் ஸ்க்ரூடிரைவர் நுனியால ஒரு நொடி தொட்டேன். ஷாக் அடிக்காது, அங்க இருக்கறது அதிகபட்சம் 5 வோல்ட். எல்லா ஃபேனும் சுத்த ஆரம்பிச்சுடுச்சு. போனது பட்டன். கடைக்கார அண்ணனும் அதே பட்டனைத்தான் அழுத்திப் பாத்தார்! இப்போ ரீசெட் பட்டனோட வயரைப் பவர் பின்ல சொருகி வச்சிருக்கேன். ரீசெட்டை அழுத்தினா ஆன் ஆகும், வீட்ல எல்லாருக்கும் பழகிடுச்சு.

பட்டன் உள்ள போய் மாட்டிக்கிட்டாலும் தொல்லைதான். ஆன் ஆகி, சரியா 4 செகண்ட்ல ஆஃப் ஆனா அதைச் சந்தேகப்படுங்க.

ஸ்க்ரூடிரைவருக்கும் அசையலைன்னா மூணாவது கேள்வி. கரண்டைப் பிடுங்கிட்டு, எஸ்எம்பிஎஸ்ஸோட எல்லா கனெக்டரையும் கழட்டுங்க. ஜெம் கிளிப்பை நிமித்தி, 24 பின் கனெக்டர்ல பச்சைக்கும் ஏதாவது ஒரு கருப்புக்கும் நடுவுல சொருகிட்டு, அப்புறம் கரண்ட் குடுங்க. எஸ்எம்பிஎஸ் ஃபேன் சுத்தினா அது முழிக்குதுன்னு அர்த்தம். லோடு குடுத்தா தாங்குமான்னு இது சொல்லாது. புது மாடல்ல எல்லா வயரும் கருப்பா இருக்கும், அதுல குத்துமதிப்பா சொருகாதீங்க, மேனுவல் படத்தைப் பாருங்க. எஸ்எம்பிஎஸ் டப்பாவை மட்டும் எந்தக் காரணத்துக்கும் திறக்காதீங்க. உள்ள இருக்க கெபாசிட்டர்ல, பிளக்கைப் பிடுங்கின பிறகும் 300 வோல்ட்டுக்கு மேல நிக்கலாம். ஓட்டை வழியா பல்லி வால் தெரிஞ்சாலும் திறக்காதீங்க.

ஃபேன் ஒரு துடி துடிச்சுட்டு நின்னா எங்கேயோ ஷார்ட். ஹார்ட் டிஸ்க், டிவிடி டிரைவ், கிராஃபிக்ஸ் கார்டு, முன்பக்க யூஎஸ்பி வயர் எல்லாத்தையும் கழட்டிட்டு ஆன் பண்ணுங்க. ஓடினா கரண்டைப் பிடுங்கிட்டு ஒவ்வொண்ணா மாட்டிட்டு வாங்க. எது மாட்டினதும் நிக்குதோ அதுதான். போர்டுக்கு அடியில விழுந்த ஒரு ஸ்க்ரூ கூட இதைச் செய்யும்.

எஸ்எம்பிஎஸ் புதுசு வாங்கற நிலைமை வந்தா, ஸ்டிக்கர்ல பெருசா போட்டிருக்க வாட்ஸை நம்பாதீங்க. 12 வோல்ட் லைன்ல எத்தனை ஆம்பியர்னு பாருங்க. 450ன்னு எழுதிட்டு 12 வோல்ட்ல 10 ஆம்பியர் போட்டிருந்தா, அந்த லைன்ல உங்களுக்குக் கிடைக்கறது 120 வாட்ஸ்தான்.

இது எல்லாத்துலயும் பாஸ் ஆகி, அப்பவும் செத்தே கிடந்தா, பிராசஸரைச் சுத்தி இருக்க கெபாசிட்டர்ல ஏதாவது தலை உப்பி இருக்கான்னு பாருங்க. அப்போ கடைக்காரர் "போர்டு"ன்னு சொன்னா ஒத்துக்கலாம். அப்பவும் ஹார்ட் டிஸ்க்குக்கு ஒண்ணும் ஆகியிருக்காது, பெரும்பாலும். அதைக் கழட்டி ஃபிரெண்டோட டெஸ்க்டாப்லயோ, சாட்டா டு யூஎஸ்பி கேபிள்ல லேப்டாப்லயோ மாட்டுங்க. 3.5 இன்ச் டிஸ்க்னா தனி பவர் அடாப்டரோட வர்ற கேபிள்தான் வேணும், சும்மா யூஎஸ்பி பவர்ல அது சுத்தாது. ரிவ்யூ ஃபைலை முதல்ல காப்பி எடுங்க, போர்டைப் பத்தி அப்புறம் யோசிக்கலாம்.