உங்களுக்குத் தெரியுமா? – தொண்டை நாட்டு நாயகன்

பாடியிலுள்ள திருவலிதாயம் ஞானசம்பந்தர் பாடிய தொண்டை நாட்டுத் தலம். ‘பொன்னியின் செல்வன்’ நாவலின் நாயகனாகிய வந்தியத்தேவனும் காவேரிக் கரையில் பிறந்தவனல்லன், வாணர் குலத்தில் உதித்து, தொண்டை நாட்டுக் காஞ்சியிலிருந்து ஓலை சுமந்து சோழ நாடு புகுந்தவன் என்பதை இவ்வட்டாரத்து வாசகர்கள் உரிமையோடு நினைவுகூரலாம். அன்றைய தஞ்சை ஜில்லாவின் புத்தமங்கலத்தில் ஜனித்த ஆசிரியர் கல்கி, தம் சொந்த மண்ணின் சரித்திரத்தையே எழுதினாராயினும், 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் தொடராக வந்த அந்நாவலைப் படித்தவர்கள் காவேரிக் கரையோடு நின்றுவிடவில்லை. கதை நிறைவுற்றதும், பாத்திரங்களின் பிற்கால கதி யாதென்று வினவி வாசகர்கள் கடிதம் எழுதினர். அவற்றை அலட்சியம் செய்யாமல், அவ்வினாக்களுக்கு விடையாகவே அவர் தனியொரு முடிவுரை வரைந்தார். எழுத்தாளர் வாசகருக்குச் செய்யக்கூடிய மரியாதையில் இதனினும் உயர்ந்தது அரிது. அம்முடிவுரை இன்றும் ஐந்தாம் பாகத்தின் இறுதியில் அச்சாகிறது.