வீட்டுச் சேமிப்பகக் கருவியில் மாற்று நிலைப்பொருள்: என்எஸ்எல்யு2 கருவியை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

ஒரு கருவிக்கான ஆதரவை அதன் உற்பத்தி நிறுவனம் நிறுத்திவிட்டால், கருவியும் அதன்வழிச் சேமிக்கப்பட்ட ஆவணங்களும் என்ன நிலையை அடையும் என்பது எண்மிய ஆவணக் காப்பில் எழும் அடிப்படை வினாவாகும். சிஸ்கோ நிறுவனத்தின் கீழிருந்த லிங்க்சிஸ் 2004ஆம் ஆண்டு வெளியிட்ட என்எஸ்எல்யு2 கருவியில் மாற்று லினக்ஸ் நிலைப்பொருள்கள் இயங்கிய முறையை இக்கட்டுரை விளக்கி, அவ்வினாவிற்கு விடை காண முற்படுகிறது.

திறவுச்சொற்கள்: நிலைப்பொருள், லினக்ஸ், வலையமைப்புச் சேமிப்பகம், கட்டற்ற மென்பொருள், எண்மியக் காப்பு.

முன்னுரை

கருவியின் நிலையான நினைவகத்தில் பதிந்திருந்து அதன் வன்பொருளை இயக்கும் மென்பொருள் நிலைப்பொருள் எனப்படும். கருவியை விலைகொடுத்து வாங்கியவர் அதன் உரிமையாளர் எனினும், கருவி எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதை வரையறுப்பது நிலைப்பொருளே ஆகும். எனவே நிலைப்பொருளை மாற்றும் உரிமையும் வாய்ப்பும் உரிமையாளருக்கு உண்டா என்பது தொழில்நுட்பத்தோடு மட்டும் நின்றுவிடும் சிக்கலன்று.

கருவியின் அமைப்பு

என்எஸ்எல்யு2 கருவிக்குள் வன்தட்டு இல்லை. இரண்டு யுஎஸ்பி 2.0 வாயில்களில் இணைக்கப்படும் வட்டுகளை, ஓர் ஈதர்நெட் வாயில் வழியாக வீட்டு வலையமைப்பில் பகிர்வதே இதன் பணி. இன்டெல் ஐஎக்ஸ்பி420 செயலி, 32 மெகாபைட் தற்காலிக நினைவகம், 8 மெகாபைட் ஃபிளாஷ் நினைவகம் ஆகியன இதன் உறுப்புகள். தொடக்கத்தில் வெளிவந்த கருவிகளில் செயலியின் வேகம் 266 மெகாஹெர்ட்ஸிலிருந்து 133 மெகாஹெர்ட்ஸாகக் குறைக்கப்பட்டிருந்தது. மின்பலகையிலிருந்து ஒரே ஒரு மின்தடையை நீக்கிப் பயனர்கள் முழு வேகத்தையும் மீட்டனர். உற்பத்தியாளர் இட்ட வரம்பு எப்போதும் வன்பொருளின் இயல்பான வரம்பாக இராது என்பதற்கு இது சான்றாகும்.

மாற்றத்திற்கு வழிவகுத்த உரிமம்

நிறுவனம் வழங்கிய மூல நிலைப்பொருளே லினக்ஸ் கருனியின்மீது அமைந்ததாகும். அக்கருனி குனு பொது உரிமத்தின் இரண்டாம் பதிப்பிற்கு உட்பட்டது. அதனை இருமக் கோப்பாக வழங்குவோர் மூலநிரலையும் கிடைக்கச் செய்தல் வேண்டும் என்பது அவ்வுரிமத்தின் விதி. மாற்று நிலைப்பொருள் முயற்சிகளுக்கு இவ்விதி அடித்தளமாயிற்று.

மாற்று நிலைப்பொருள்களின் வகைகள்

இம்முயற்சிகளை மூன்று வகைகளாகப் பகுக்கலாம். முதலாவது ‘அன்ஸ்லங்’. இது மூல நிலைப்பொருளின் வலைப்பக்க இடைமுகத்தைப் பேணிக்கொண்டு, கோப்பு அமைப்பை வெளி வட்டுக்கு மாற்றிக் கூடுதல் நிரல்களை நிறுவ இடமளித்தது. இரண்டாவது ‘ஓப்பன்ஸ்லக்’. பின்னர் ‘ஸ்லக்ஓஎஸ்’ எனப் பெயர்பெற்ற இது, மூல இடைமுகத்தை விடுத்து முழுதும் புதிதாகக் கட்டப்பட்டது. மூன்றாவது டெபியன். 2007இல் வெளிவந்த டெபியன் 4.0 பதிப்பு இக்கருவியில் நிறுவத்தக்கதாக அமைந்தது.

டெபியன் முயற்சியில் எதிர்ப்பட்ட தடை குறிப்பிடத்தக்கது. ஈதர்நெட் வாயிலை இயக்கத் தேவையான இன்டெல் நுண்நிரல் கட்டற்ற உரிமத்தில் வழங்கப்படவில்லை. ஆகவே டெபியனின் அதிகாரமுறை நிறுவியில் அதனைச் சேர்க்க இயலவில்லை. திரையும் விசைப்பலகையும் அற்ற இக்கருவியை அணுகுவதற்கு வலையமைப்பே இயல்பான வழி; அவ்வழியே அடைபட்டது. நுண்நிரல் சேர்க்கப்பட்ட அதிகாரமுறை சாராத நிறுவிகளைப் பயனர்கள் நாட வேண்டியதாயிற்று. பிற அனைத்தும் கட்டற்றவையாயினும், ஒரு சிறு மூடிய பகுதி முழுமையையும் முடக்கவல்லது என்பதை இதனால் அறியலாம்.

பாதுகாப்பான மாற்றத்தின் அடிப்படை

ஃபிளாஷ் நினைவகம் தொடக்க ஏற்றி, அமைவுத் தரவு, கருனி, கோப்பு அமைப்பு எனப் பகுக்கப்பட்டுள்ளது. ‘ரெட்பூட்’ என்னும் தொடக்க ஏற்றி முதல் 256 கிலோபைட்டில் அமைந்துள்ளது. மீளமைப்புப் பொத்தானை அழுத்தியவாறு மின்னிணைப்பு கொடுத்தால், இவ்வேற்றி கருவியைப் புதுப்பிப்பு நிலைக்குக் கொண்டுசெல்லும். பின்னர் வலையமைப்பு வழியே புதிய நிலைப்பொருளைப் பதியலாம். ஆகவே கருனியும் கோப்பு அமைப்பும் சிதைந்தாலும், தொடக்க ஏற்றி அழியாதவரை கருவியை மீட்க இயலும். ஏற்றியை மாற்றாதிருத்தலே இம்முறையின் முதல் விதியாகும். கருவிக்கே உரிய வலையமைப்பு முகவரியும் இப்பகுதியிலேயே பதிவாகியுள்ளமையால், பிறிதொரு கருவியின் முழுப்படியை அப்படியே பதிதலும் தவிர்க்கத்தக்கது.

காப்பு நோக்கில் இதன் இன்றியமையாமை

2004ஆம் ஆண்டுக் கருவி, எஸ்எம்பி நெறிமுறையின் முதற்பதிப்பு வழியாகவே கோப்புகளைப் பகிர்ந்தது. இரண்டாம் பதிப்பு 2006இல்தான் தோன்றியது. 2017இன் இறுதியில் வெளிவந்த விண்டோஸ் 10 பதிப்பு முதலாக, முதற்பதிப்பு பாதுகாப்புக் காரணங்களால் இயல்பாக நிறுவப்படுவதில்லை. இதனால் வட்டு பழுதின்றி இருந்தும் ஆவணம் எட்டாததாகிறது. மாற்று நிலைப்பொருள் எஸ்எஸ்எச் போன்ற வேறு நெறிமுறைகளுக்கு இடமளித்து இவ்விடைவெளியை நிரப்பியது.

தமிழ் ஆவணங்களைத் தொகுப்போர் மற்றொன்றையும் கருதுதல் வேண்டும். லினக்ஸின் எக்ஸ்ட்3 கோப்பு அமைப்பில் கோப்புப் பெயரின் உச்ச அளவு 255 பைட். யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட் கொள்ளும். உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் தனித்தனியே எண்ணப்படும். ‘தமிழ்’ என்னும் மூவெழுத்துச் சொல் 5 குறியீடுகளாகி 15 பைட் பெறுகிறது. ஆகவே நூற்பெயர், ஆசிரியர், பதிப்பாண்டு அனைத்தையும் தாங்கிய பெயர்கள் 85 குறியீடுகளில் எல்லையை எட்டிவிடும்.

முடிவுரை

மாற்று நிலைப்பொருள் கருவியின் வாழ்நாளை நீட்டியது. எனினும் 32 மெகாபைட் நினைவகம் என்னும் எல்லையை அதனால் கடக்க இயலவில்லை. புதிய மென்பொருள்கள் பெருகப் பெருக அவ்வெல்லை இறுகியது. ஆகவே நிலைப்பொருள் மாற்றத்தை நிலையான காப்பாகக் கொள்ளாமல், ஆவணங்களைப் பிறிதோரிடத்திற்குப் பெயர்ப்பதற்குக் கிடைத்த கால நீட்டிப்பாகக் கொள்வதே பொருத்தமாகும். மூலநிரல் திறந்திருத்தல், தொடக்க ஏற்றி அணுகத்தக்கதாயிருத்தல், கோப்பு அமைப்பு பொதுவானதாயிருத்தல் ஆகிய மூன்றும் அந்நீட்டிப்பை இயலச்செய்தன. காப்பகப் பணிக்குக் கருவி தெரிவோர் கொள்ளளவையும் விலையையும் நோக்கும் முன்னர் இம்மூன்றையும் நோக்குதல் தகும்.