ஐக்கிய அமெரிக்காவின் சமஷ்டியாட்சி

ஒரே நிலத்தில் இரண்டு அரசாங்கங்கள் ஆணை செலுத்தல் இயலுமா? ஒரே குடிமகன் இரு அரசுகளுக்கும் வரி செலுத்தி, இருவகைச் சட்டங்களுக்கும் அமைந்து வாழ்தல் கூடுமா? ஓர் உறையில் இரு வாள் தங்கா என்னும் பழமொழியில் ஊறிய நமக்கு இது வியப்பாகவே தோன்றும். சமஷ்டி என்னுஞ் சொல் நம் நாட்டு அரசியல் மேடைகளிற் பலகாலமாகப் பயின்று வருவதாயினும், அம்முறை நடைமுறையில் இயங்குமாற்றை ஆராய்வோர் சிலரே. அதன் தலையாய எடுத்துக்காட்டாகிய ஐக்கிய அமெரிக்காவின் ஆட்சியமைப்பை ஈண்டு நோக்குவாம்.

1776 ஆம் ஆண்டிலே பிரித்தானிய ஆட்சியினின்றும் நீங்கியதாகப் பிரகடனஞ் செய்த பதின்மூன்று குடியேற்ற நாடுகளும் முதலில் தளர்ந்த ஒரு கூட்டையே அமைத்தன. 1781 இல் நடைமுறைக்கு வந்த அவ்வுடன்படிக்கையின்படி, மத்திய காங்கிரஸ் போர் தொடுக்கலாம். வரி விதித்தல் இயலாது. வேண்டிய பணத்தை மாநிலங்களிடம் கேட்டே பெறவேண்டும். அவை கொடாவிடின் செய்யத்தக்கது யாதுமில்லை. இக்குறையை நீக்கவே 1787 இற் பிலடெல்பியா நகரிற் பிரதிநிதிகள் ஐம்பத்தைவர் கூடினர். அவர்கள் வகுத்த அரசியல் யாப்பே இன்றும் நிலவுவது.

யாப்பின் உயிர்நாடி அதிகாரப் பங்கீடாகும். நாணயம் அடித்தல், போர் தொடுத்தல், தபாற் சேவை, பிறநாட்டு வாணிகம், மாநிலங்களுக்கிடைப்பட்ட வாணிகம் முதலியன சமஷ்டி அரசாங்கத்துக்கு எண்ணிக் கொடுக்கப்பட்டன. அதற்குக் கொடுக்கப்படாதனவும், மாநிலங்களுக்கு மறுக்கப்படாதனவுமாகிய அதிகாரங்கள் மாநிலங்களுக்கோ மக்களுக்கோ உரியன என 1791 இற் சேர்க்கப்பட்ட பத்தாவது திருத்தம் கூறுகின்றது. கல்வி என்னுஞ் சொல் அவ்யாப்பில் ஓரிடத்தேனும் இல்லை என்பது ஆசிரியர்க்கு வியப்பளிக்கலாம். பள்ளிக்கூடம், பொலிசு, விவாகம், உள்ளூராட்சி முதலாக மக்களின் அன்றாட வாழ்வைத் தொடுவனவற்றிற் பெரும்பாலன மாநிலங்களின் பொறுப்பிலேயே உள்ளன.

ஐம்பது மாநிலங்களும் தத்தமக்கெனத் தனி யாப்பும், சட்டசபையும், நீதிமன்றங்களும் உடையன. நெப்ராஸ்கா ஒன்றே 1937 முதல் ஒற்றைச் சபை கொண்டது. ஏனையவை இரு சபை உடையன. மாநில ஆளுநரை ஜனாதிபதி நியமிப்பதில்லை. நீக்கவும் அவரால் இயலாது. மக்களே அவரைத் தேர்ந்தெடுக்கின்றனர். மாநில அரசு மத்திய அரசின் கிளைக் கந்தோர் அன்று என்பதை இஃதொன்றே தெளிவாக்கும்.

சமஷ்டி அரசாங்கத்தின் சட்டவாக்கம் காங்கிரசின் இரு சபைகளுக்கு உரியது. பெரிய மாநிலங்கள் குடித்தொகைக்கேற்ற இடங்களை வேண்டின. சிறியன சமவுரிமை வேண்டின. இவ்விணக்கமின்மையைத் தீர்க்கவே பிரதிநிதிகள் சபையிற் குடித்தொகைப்படியும், செனற் சபையில் மாநிலத்துக்கு இருவராகவும் இடம் வகுத்தனர். இன்று முன்னையதில் 435 பேரும் பின்னையதில் 100 பேரும் உளர். செனற்றர்களை முன்பு மாநிலச் சட்டசபைகள் தெரிந்தன. 1913 முதல் மக்களே தெரிகின்றனர். ஜனாதிபதியைத் தெரியும் 538 தேர்வாளருள் 270 பேரின் வாக்கு வேண்டும். அவர் மறுத்த மசோதாவை இரு சபைகளும் மூன்றில் இரு பங்கு வாக்கினாற் சட்டமாக்கலாம். அவர் பெயர் குறிக்கும் நீதிபதிகளுக்குச் செனற்றின் இசைவு வேண்டும். இவ்வாறு ஒருவர் கையை மற்றொருவர் தடுக்கும் வகையில் ஆட்சி அமைந்துளது.

இரு அரசுகளும் முரணினால் என் செய்வது? யாப்புக்கு இணங்கிய சமஷ்டிச் சட்டமே மேலோங்கும் என்பது விதி. காங்கிரஸ் நிறுவிய வங்கிக்கு மேரிலாந்து மாநிலம் வரி விதித்தபோது, அவ்வரி செல்லாதென 1819 இற் பிரதம நீதியரசர் ஜோன் மார்ஷல் தீர்த்தார். ஆயினும் அடிமை முறைபற்றிய பெரும்பிணக்கை நீதிமன்றத்தால் தீர்க்க முடியவில்லை. 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரே அதனை முடித்தது.

அதன் எச்சம் ஒரு பாடசாலை வாயிலில் மீண்டும் வெளிப்பட்டது. பள்ளிகளில் இனப்பிரிவினை யாப்புக்கு முரணென 1954 இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1957 இல் ஆர்கன்சா மாநிலத்து லிற்றில் றொக் நகரிற் கறுப்பின மாணவர் ஒன்பதின்மரை ஆளுநர் மாநிலப் படையைக்கொண்டு வாயிலிலே தடுத்தார். ஜனாதிபதி ஐசனோவர் சமஷ்டிப் படையை அனுப்பி, அம்மாணவரைப் பள்ளியினுட் புகச் செய்தார். மாநில உரிமை, மக்களை மத்தியின் கொடுங்கோன்மையினின்றுங் காக்கும் அரணுமாகும். ஒருசாரார் ஏனையோரை ஒடுக்குதற்கு மறைவிடமுமாகும். இவ்விரண்டையும் அமெரிக்க வரலாறு காட்டுகின்றது.

இவ்யாப்பைத் திருத்தலும் எளிதன்று. திருத்தமொன்று நிறைவேற, மாநிலங்களுள் நான்கில் மூன்று பங்கு, அஃதாவது முப்பத்தெட்டு, இசைதல் வேண்டும். மேலும், செனற் சபையிலுள்ள சமவுரிமையை எந்த மாநிலமும் தன் இசைவின்றி இழக்கலாகாது. ஆகவே, சிறியோர்க்கு அளித்த வாக்கைப் பெரியோர் தம் எண்ணிக்கை வலிமையால் மட்டும் மீளப்பெறல் இயலாது. ஓர் உறையில் இரு வாள் தங்கா என்பது உண்மையே. அமெரிக்கர் உறைகளை இரண்டாக்கினர். எவ்வாள் எவ்வுறைக்குரியது என்னும் வழக்கோ இன்னும் ஓயவில்லை. அவ்வழக்கைப் போர்க்களத்திலன்றி மன்றத்திலே தொடுக்க வழி செய்தலே சமஷ்டி யாப்பின் பயனென்க.