விசுவாசம் என்னும் ஒரு சொல்

அரபு நாடுகளில் வாழும் சீர்திருத்தக் கிறிஸ்தவர்கள் தங்களை ‘இன்ஜீலிய்யூன்’ என்று அழைத்துக்கொள்கின்றனர். நற்செய்தி என்று பொருள்படும் ‘யுவாங்கெலியோன்’ என்ற கிரேக்கச் சொல்லே அரபியில் இன்ஜீல் ஆயிற்று என்பது மொழியறிஞர் பலரின் கருத்து. ஆங்கிலத்தில் இவாஞ்சலிக்கல் என வழங்குவதும் அவ்வேரில் கிளைத்ததே. தமிழில் இவர்களைச் சுவிசேஷக் கிறிஸ்தவர் என்கிறோம். வேதமே இறுதி ஆதாரம், மனந்திரும்புதலே மறுபிறப்பு, நற்செய்தியைப் பிறருக்கு அறிவிப்பது ஒவ்வொருவர் மீதும் உள்ள கடமை என்பன இவர்தம் கொள்கையின் அடிப்படைகள்.

நாம் ஈமான் என்பதை இவர்கள் ‘விசுவாசம்’ என்பர். அதே சொல்லைத் தமிழக அரசியலும் எடுத்தாளுகிறது. அங்கே தலைமைக்குக் காட்டும் மாறாத பற்றே விசுவாசம். இவ்விரு விசுவாசங்களும் ஒரே நெஞ்சில் மோதிக்கொண்ட ஒரு காலத்தை இங்கு ஆராய விழைகிறோம். நடந்தது அண்டை வீட்டில்தான் என்றாலும், இடையில் உள்ள சுவர் நம்முடையதும் ஆகும்.

மாமல்லபுரத்திலிருந்து கடற்கரைச் சாலையில் வடக்கே சென்றால் கோவளம் வரும். தமீமுல் அன்சாரி (ரலி) அவர்கள் அடங்கியிருப்பதாக மக்கள் நம்பும் தர்காவும், கார்மேல் மாதா ஆலயமும் அங்கே அருகருகே உள்ளன. கத்தோலிக்கம் இக்கரையில் பழையது. சுவிசேஷ சபைகளின் ஜெபக்கூடங்கள் பிற்காலத்தவை. ‘படகோட்டி’ (1964), ‘மீனவ நண்பன்’ (1977) படங்களின் நாயகரான எம்.ஜி.ஆர். மீது மீனவ மக்கள் கொண்ட பற்று யாவரும் அறிந்ததே. வீட்டுச் சுவரில் சிலுவையும் அவர் படமும் அருகருகே தொங்குவதில் எவரும் முரண் காணவில்லை. காணவேண்டிய தேவையும் நெடுங்காலம் எழவில்லை.

தேவை எழுந்தது 2002இல். அதற்கு முந்தைய ஆண்டின் சட்டமன்றத் தேர்தலில் பாரதீய ஜனதா கட்சி தி.மு.க. அணியில் இருந்தது, அ.தி.மு.க.வோடு காங்கிரசும் இடதுசாரிகளும் நின்றனர். எனவே, பா.ஜ.க. கூட்டணியைத் தண்டிக்க விரும்பிய சிறுபான்மையினருக்கு இரட்டை இலைக்கு வாக்களிப்பது மனச்சான்றுக்கும் உகந்த செயலாகவே தோன்றியிருக்கும். அவ்வாறு அமைந்த ஜெயலலிதா அரசுதான் 2002 அக்டோபர் 5 அன்று கட்டாய மதமாற்றத் தடை அவசரச் சட்டத்தைப் பிறப்பித்தது. அம்மாத இறுதியிலேயே சட்டமன்றம் அதனைச் சட்டமாக்கியது.

அச்சட்டத்தின் சொற்களை ஊன்றிப் படித்தால்தான் சுவிசேஷக் கிறிஸ்தவர் அடைந்த அதிர்ச்சி விளங்கும். பலவந்தம் என்பதற்கு அது தந்த இலக்கணத்தில், இறைவனின் சினத்துக்கு ஆளாவாய் என்று அச்சுறுத்துவதும் அடங்கும். ஆசைகாட்டுதல் என்பதில், பணமாகவோ பொருளாகவோ தரும் எந்தக் கொடையும் அடங்கும். தண்டனை மூன்றாண்டு வரை சிறையும் ஐம்பதாயிரம் ரூபாய் வரை அபராதமும். மாற்றப்பட்டவர் பெண்ணாகவோ, சிறாராகவோ, பட்டியல் சாதி, பழங்குடியைச் சேர்ந்தவராகவோ இருந்தால் நான்காண்டு, ஒரு லட்சம். மதமாற்றச் சடங்கை நடத்துபவர் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்கவும் வேண்டும். நியாயத் தீர்ப்பு நாளைப் பற்றிப் பிரசங்கிக்கும் போதகர், தாம் இறைவனின் சினத்தைச் சொல்லி அச்சுறுத்தவில்லை என்று எவ்வாறு மெய்ப்பிப்பார்? நரகத்தைப் பற்றி எச்சரிக்கும் நம் ஆலிம்களுக்கும் இதே கேள்வி உண்டு. 1977இல் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில், சமயத்தைப் பரப்பும் உரிமை பிறரை மதம் மாற்றும் உரிமையாகாது என்று உச்ச நீதிமன்றம் கூறிவிட்டதால், நீதிமன்ற வழியும் குறுகலாகவே இருந்தது.

அக்டோபர் 24 அன்று கிறிஸ்தவக் கல்வி நிலையங்கள் மூடப்பட்டன. முஸ்லிம், தலித் அமைப்புகளும் எதிர்ப்பில் கைகோத்தன. தி.மு.க.வும் எதிர்த்தது. சிக்கலின் கூர்மையான முனை இங்கேதான் இருக்கிறது என்பது நம் கருத்து. ஏனெனில், சட்டத்தை வரவேற்ற பா.ஜ.க. தலைமையிலான மத்திய அமைச்சரவையில் அதே தி.மு.க. அன்று பதவி வகித்தது. 2003 டிசம்பரில்தான் வெளியேறியது. இரட்டை இலையின் விசுவாசிக்குத் தன் கட்சியே வேதப் பணியைக் குற்றமாக்கியது. உதயசூரியனின் விசுவாசிக்கோ, அச்சட்டத்தைப் போற்றியவர்களோடு தன் கட்சி ஒரே மேசையில் அமர்ந்திருந்தது. முன்னவர் கோபம் கொள்வது எளிது. பின்னவர் தம் கட்சியிடம் என்ன கேட்டார் என்பதே கடினமான வினா.

இந்திய சுவிசேஷத் திருச்சபையின் பேராயராக விளங்கி 2024இல் காலமான எஸ்றா சற்குணம், தி.மு.க.வின் வெளிப்படையான ஆதரவாளர். சமயத் தலைவர் ஒரு கட்சியின் மேடையில் ஏறலாமா என்று அவருடைய சமயத்தாரிடையிலேயே இரு கருத்துகள் உண்டு. ஆட்சியாளருக்குக் கீழ்ப்படியச் சொல்லும் பவுலின் நிருபத்தை ஒரு சாராரும், மனிதருக்குக் கீழ்ப்படிவதைவிட இறைவனுக்குக் கீழ்ப்படிவதே தகும் என்ற அப்போஸ்தலரின் நிலையை மறு சாராரும் முன்வைப்பர். அரசியலே உலகக் காரியம் என்று ஒதுங்கும் சபைகளும் உள. எனினும் நூற்றுக்கு ஆறு பேராக வாழும் ஒரு சமுதாயம், ஒரு பெரிய கட்சியின் நிழலின்றித் தன் உரிமைகளைக் காக்க முடியுமா என்ற பேராயர் தரப்பு வாதத்தை எளிதில் தள்ளிவிட இயலாது. நம் தொகையும் அவ்வளவே.

2004 மக்களவைத் தேர்தலில் அ.தி.மு.க. – பா.ஜ.க. கூட்டணி தமிழகத்தின் 39 தொகுதிகளிலும் தோற்றது. முடிவு வெளியான சில நாட்களில், அதே மே மாதத்திலேயே, ஜெயலலிதா சட்டத்தைத் திரும்பப் பெற்றார். வாக்குச்சீட்டுக்கு அஞ்சி நீங்கியதே தவிர, அநீதி என்று உணர்ந்து நீங்கியதாகத் தெரியவில்லை. அவ்வாண்டு டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை இக்கடற்கரையைத் தாக்கியபோது, திருச்சபைகளும் நம் அமைப்புகளும் அரிசியும் துணியும் சுமந்து குப்பங்களுக்குச் சென்றன. அச்சட்டம் உயிரோடு இருந்திருந்தால் அந்த அரிசி மூட்டைக்கு என்ன பெயர் சூட்டப்பட்டிருக்கும் என்று எண்ணிப்பார்க்கலாம்.

சொந்தத் தரப்பை எதிர்த்து நின்றதற்குச் செங்கல்பட்டிலேயே பழைய சான்று உண்டு. 1890களில் அங்கே பணியாற்றிய ஸ்காட்லாந்து மிஷனரி ஆடம் ஆண்ட்ரூ, ஆதிதிராவிட மக்களுக்கு நிலம் வேண்டுமென்று தம் இனத்தாரின் அரசையே வற்புறுத்தினார். ஆட்சியர் ட்ரெமென்ஹீரின் 1891 அறிக்கையும் அதே அவலத்தைப் பேசிற்று. பஞ்சமி நிலம் என இன்று அறியப்படுவது 1892 அரசாணையின் விளைவு. மிராசுதார்களின் பகை ஆண்ட்ரூவுக்குக் கிட்டிய பரிசு. மதம் மாற்றும் நோக்கமும் அவருக்கு இருந்தது. அதை மறைப்பது நேர்மையாகாது.

மறுதலையான சான்று அமெரிக்காவில் உண்டு. 1956இல் சென்னைக்கு வந்து பெருந்திரளிடையே பிரசங்கித்த பில்லி கிரஹாம், பின்னர் அதிபர் நிக்சனுக்கு மிக நெருக்கமானார். வாட்டர்கேட் ஊழல் அந்நட்பை அவருக்குத் தலைக்குனிவாக்கியது. அரசியலிலிருந்து விலகி நின்றிருக்க வேண்டும் என்று முதுமையில் அவரே வருந்தினார். அவர் நிறுவிய ‘கிறிஸ்டியானிட்டி டுடே’ இதழ், அதிபர் டிரம்ப்பைப் பதவி நீக்க வேண்டுமென 2019 டிசம்பரில் தலையங்கம் தீட்டியது. அவர் மகன் பிராங்க்ளினோ அத்தலையங்கத்தைச் சாடினார். 2016இல் வெள்ளையின சுவிசேஷக் கிறிஸ்தவருள் ஏறத்தாழ ஐந்தில் நால்வர் டிரம்ப்புக்கே வாக்களித்திருந்தனர்.

இதே நோய்க்கு நம் மரபில் அஸபிய்யத் என்று பெயர். இப்னு கல்தூன் இச்சொல்லை அரசுகளை எழுப்பும் குழுப்பிணைப்பு என்ற பொருளில் கையாண்டார். அது வரலாற்றாசிரியரின் பார்வை. அபூதாவூதில் உள்ள ஹதீஸிலோ, தன் கூட்டத்தாருக்கு அநீதியில் துணைநிற்பதே அஸபிய்யத் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வாஸிலா (ரலி) அவர்களுக்கு விளக்கியுள்ளார்கள். கூட்டத்தை நேசிப்பதை அந்த விளக்கம் தடுக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். குஜராத் 2002இல் எரிந்தபோது மத்திய அமைச்சரவையில் நீடித்த கட்சியிடமும், 2019 டிசம்பரில் மாநிலங்களவையில் குடியுரிமைத் திருத்தத்துக்கு ஆதரவாக 11 வாக்குகளை அளித்த கட்சியிடமும் நம்மவர்கள் நிர்வாகிகளாக இருந்தனர். எதிர்க்கட்சியின் பிழையை ஜமாஅத் மேடையில் பேசிய அதே நாவு, சொந்தக் கட்சியின் அலுவலகத்தில் எவ்வளவு பேசிற்று?

சகோதரன் அநீதி இழைப்பவனாயினும் அநீதிக்குள்ளானவனாயினும் அவனுக்கு உதவுமாறு பணிக்கும் ஹதீஸை, புகாரியிலிருந்து வகுப்பில் நடத்திக்கொண்டிருந்தோம். அநீதி இழைப்பவனுக்கு உதவுவதாவது அவன் கையைத் தடுப்பது என்ற விளக்கம் வந்ததும் மாணவர் ஒருவர் எழுந்தார். “ஹஜ்ரத், கையைப் பிடித்தால் கட்சியைவிட்டு நீக்கிவிடுவார்களே?” என்றார். வகுப்பு சிரித்தது. அவர் தந்தை ஒரு கட்சியின் கிளைச் செயலாளர் என்பதைப் பிறகே அறிந்தோம். நீக்கத்தான் செய்வார்கள் என்று கூறிவிட்டு, அந்த ஹதீஸை இஸ்னாதிலிருந்து மீண்டும் வாசிக்கச் சொன்னோம்.