பசை வாசனை உடம்பில் ஏறியதா? சிறுநீர் சொல்லும்!



வாலிகண்டபுரம் குழுக் கூட்டத்தில் ஒரு அக்கா கேட்டார்: "என் மக எறையூர் சிப்காட்ல செருப்பு கம்பெனி வேலைக்குப் போகலாம்னு இருக்கா. பசை, தின்னர் வாசனை ஆகாதுன்னு சொல்றாங்க. உடம்புல ஏறிடுச்சான்னு எப்படி மேடம் தெரிஞ்சுக்கிறது?" நல்ல கேள்வி. எல்லோருக்கும் பயன்படட்டும் என்று பதிலை இங்கே எழுதுகிறேன்.

சில வகைப் பசையிலும் தின்னரிலும் டொலுவீன், ஹெக்சேன் போன்ற ரசாயனங்கள் உண்டு. இவை சீக்கிரம் ஆவியாகி மூச்சு வழியாக உள்ளே போகும். கையில் பட்டால் தோல் வழியாகவும் போகும். ஹெக்சேன் அதிகமானால் நரம்பு கெடும். முதலில் கால், கை விரல்கள் மரத்துப்போகும். பிறகு நடை தளரும். ஜப்பானில் மியே பகுதியில் குடிசைத் தொழிலாகச் செருப்பு ஒட்டியவர்களில் 93 பேருக்கு இப்படி ஆனது 1969-ல் மருத்துவ இதழில் வெளிவந்தது.

உள்ளே போன ரசாயனத்தை நம் ஈரல் வேறு பொருளாக மாற்றி சிறுநீரில் தள்ளுகிறது. ஹெக்சேன் '2,5-ஹெக்சேன்டையோன்' ஆகிறது. டொலுவீனில் ஒரு சிறு பகுதி 'ஆர்த்தோ கிரெசால்' ஆகிறது. இவற்றை அளந்தால் எவ்வளவு ஏறியது என்று தெரியும். சுகருக்குப் பார்க்கும் யூரின் டெஸ்டில் இது தெரியாது.

சிறுநீர் கொடுக்கும்போது கவனிக்க:

* ஷிப்ட் முடிந்தவுடன் கொடுக்க வேண்டும். லீவு முடிந்து வந்த காலையில் கொடுத்தால் குறைத்துக் காட்டும்.
* கையை சோப்பு போட்டுக் கழுவி, பசை வாசனை இல்லாத இடத்தில் பிடிக்க வேண்டும்.
* அதற்காகவே நிறைய தண்ணீர் குடிக்க வேண்டாம். சிறுநீர் நீர்த்துப்போகும். அதைச் சரிசெய்யத்தான் 'கிரியாட்டினின்' அளவும் பார்க்கிறார்கள்.
* டொலுவீனுக்கு முன்பெல்லாம் 'ஹிப்யூரிக் அமிலம்' பார்த்தார்கள். பாட்டில் ஊறுகாய், கூல்டிரிங்ஸில் சேர்க்கும் பென்சோயேட்டாலும் அது கூடும். அதனால் எந்தப் பொருளைப் பார்க்கிறார்கள் என்று கேளுங்கள்.

அளவு கூடினால் நோய் வந்துவிட்டது என்று பயப்பட வேண்டாம். வேலை இடத்தைச் சரிசெய்ய வேண்டும் என்று அர்த்தம். காற்றை வெளியே இழுக்கும் வசதி, சரியான கையுறை, மூடி போட்ட பசை டப்பா வேண்டும். தின்னரில் கை கழுவவே கூடாது.

மரத்துப்போதல், ஓயாத தலைவலி, தலைசுற்றல் இருந்தால் ஈ.எஸ்.ஐ. டாக்டரிடம் "பசை வேலை செய்கிறேன்" என்று மறக்காமல் சொல்லுங்கள். சென்னை கே.கே. நகர் ஈ.எஸ்.ஐ. மருத்துவமனையில் தொழில்சார் நோய்களுக்கென்றே தனி மையம் இருக்கிறது.

பிள்ளைகள் சம்பாதிக்கட்டும், உடம்பும் நல்லா இருக்கட்டும். அடுத்த கூட்டத்தில் இதை வாசித்துக் காட்டுங்கள்.