மிகுதியான விதை, நாற்று, பசளை ஆகியவற்றைக் கமக்காரர் தம்முள் மாற்றிக்கொள்ள ஓர் இணையத்தளம்

ஒவ்வொரு போகத்தின் தொடக்கத்திலும் ஒரு கமக்காரரின் களஞ்சியத்தில் தேவைக்கு மேற்பட்ட விதைநெல் இருக்கும். அடுத்த வாய்க்காலின் கீழ்ச் செய்கை பண்ணும் வேறொருவர் விதைநெல்லைத் தேடி அலைவார். முன்னவர் தம் மிகுதியைக் குற்றி உண்பார்; பின்னவர் கிடைத்ததை வாங்கி விதைப்பார். ஒருவர் நிலைமை மற்றவருக்குத் தெரியாமையே இவ்விரு நட்டங்களுக்கும் காரணமாகும். கைத்தொலைபேசியும் இணையமும் கிராமங்களிற் பரவியுள்ள இக்காலத்தில் இக்குறையை நீக்குதல் அரிதன்று. கமக்காரர் அமைப்புக்கள் பல ஒன்றுசேர்ந்து ஓர் இணையத்தளத்தை நிறுவி இதனைச் செய்யலாம். ஆயினும் அத்தளம் நிலைப்பதும் கெடுவதும் அதில் இடப்படும் அறிவித்தல்களின் உண்மையைப் பொறுத்தனவாகும்.

மிகுதியும் காலமும்

வீசி விதைக்கும் வயலுக்கு ஏக்கருக்கு ஏறக்குறைய 2 புசல், அஃதாவது 40 கிலோகிராம் அளவில், விதைநெல் வேண்டும். ஐந்து ஏக்கர் செய்கைக்கு 10 புசல் போதுமானது. பழுதானால் உதவட்டும் என்று 14 புசல் சேமித்தவரிடம் 4 புசல் எஞ்சும். இது மற்றொருவரின் 2 ஏக்கருக்குப் போதிய விதையாகும்.

இம்மிகுதி சில நாட்களுக்கே பெறுமதியுடையது. பெரும்போக மழை தொடங்கி, வயல்கள் விதைக்கப்பட்ட பின்னர் அது வெறும் நெல்லே. நாற்றுக்களின் காலம் இதனினும் குறுகியது. தக்காளி நாற்று மூன்று அல்லது நான்கு வாரத்தில் நடப்பட வேண்டும். முற்றிய நாற்றை வாங்குபவர் விளைச்சலை இழப்பார். எனவே செய்தி விரைந்து பரவுதல் இன்றியமையாதது. இதுவே இணையத்தளத்தினாற் கிடைக்கும் முதற்பயனாகும்.

தளத்தில் இடம்பெறத்தக்கவை

சொந்த வயலில் விளைந்த விதைநெல், விதை வெங்காயம், மரக்கறி நாற்றுக்கள், மாட்டெரு, கூட்டெரு, வைக்கோல், வாடகைக்கு விடத்தக்க நீரிறைக்கும் இயந்திரம், தெளிகருவி ஆகியன இடம்பெறலாம். இரசாயனப் பசளையாயின், வாய் பிரிக்கப்படாத, ஈரம் படாத, பெயரும் நிறையும் தெளிவாகத் தெரியும் மூட்டைகளையே ஏற்றல் வேண்டும். மானியமாகப் பெற்ற பசளையைக் கைமாற்றலாமோ என்பதைக் கமநல சேவைகள் நிலையத்தில் முன்னரே கேட்டறிதல் அவசியம்.

விதைகளின் தரமும் விற்பனையும் 2003ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க விதைகள் சட்டத்துக்கு உட்பட்டவை. விதையை வியாபாரமாகச் செய்பவர் அச்சட்டத்தின்படி நடத்தல் வேண்டும்; அயலவருடன் மிகுதியை மாற்றிக்கொள்பவர் போன்று அவர் தளத்தில் தோன்றலாகாது.

இடம்பெறத் தகாதவை

மிஞ்சிய பீடைகொல்லி, களைகொல்லி ஆகியவற்றை எக்காரணங்கொண்டும் தளத்திற் சேர்த்தலாகாது. 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி அவற்றை விற்பதற்கு அனுமதிப்பத்திரம் வேண்டும். சட்டம் ஒருபுறமிருக்க, பாதி தீர்ந்த போத்தலில் உள்ளது யாதென்று வாங்குபவர் அறியார். குளிர்பானப் போத்தலில் ஊற்றிக் கொடுத்த மருந்தைக் குழந்தை குடித்துவிடவும் கூடும். தேவையான அளவை மட்டும் வாங்குதலும், எஞ்சியதை அதன் சொந்தக் கலனிலேயே பூட்டி வைத்தலுமே தக்க வழியாகும்.

நோயுற்ற நடுகைப் பொருள்களும் விலக்கத்தக்கவை. வாடல் நோய் கண்ட நாற்றுமேடையிலிருந்து எடுத்த தக்காளி நாற்றும், இலைகள் உச்சியிற் கொத்தாய்ச் சேரும் வைரசு நோய் கண்ட வாழையின் குட்டியும் ஒரு தோட்டத்தின் நோயைப் பத்துத் தோட்டங்களுக்குக் கொண்டு செல்லும். நெற்பயிரைப் போலவே வளர்ந்து, முற்றுமுன் மணி உதிர்க்கும் களைநெல்லும் விதைநெல்லோடு கலந்தே புதிய வயல்களை அடைகின்றது.

அறிவித்தலில் எழுதவேண்டியவை

1. பொருளின் பெயரும் இனமும். “நல்ல விதைநெல்” என்பது போதாது, பி.ஜி. 352, ஏ.ரி. 362 என இனத்தைக் குறித்தல் வேண்டும்.
2. அளவு, கிலோகிராமில். மூட்டையின் நிறை இடத்துக்கிடம் வேறுபடும்.
3. அறுவடை செய்த அல்லது நாற்றுமேடையில் விதைத்த திகதி.
4. விதையாயின் முளைதிறனும், அதனைச் சோதித்த திகதியும்.
5. கேட்கும் விலை, அல்லது மாற்றாக வேண்டும் பொருள்.
6. பொருள் இருக்கும் கமநல சேவைப் பிரிவு.

முளைதிறனை அறிதல்

சாக்கின் மேல், நடு, அடி ஆகிய பகுதிகளிலிருந்து எடுத்த 100 மணிகளை 24 மணித்தியாலம் நீரில் ஊறவைத்து, பின்னர் ஈரச் சாக்கிற் சுற்றி நிழலில் 48 மணித்தியாலம் வைத்து முளைத்தவற்றை எண்ணுக. சாக்கு உலராதவாறு பார்த்துக்கொள்ளல் வேண்டும். 85 மணிகளேனும் முளைத்தல் நன்று. 60 மணிகளே முளைக்குமாயின் 40 கிலோகிராமுக்குப் பதிலாக 57 கிலோகிராம் இட நேரும். முளைத்த பயிரும் வீரியங் குறைந்ததாயிருக்கும். அத்தகைய நெல்லை விதையென அறிவித்தல் தகாது. அறுவடை செய்தவுடன் சோதித்தால் உறங்குநிலையினால் முளைப்புக் குறைவாகத் தோன்றலாம். சில வாரங்களின் பின் மீண்டும் சோதிக்க.

தளத்தை அமைக்கும் முறை

தளம் தமிழிலும் சிங்களத்திலும் இருத்தல் வேண்டும். மெதுவான இணைப்பிலும், சிறிய கைத்தொலைபேசியிலும் அது திறக்க வேண்டும்; படங்கள் சிறியனவாயிருத்தல் நன்று. இணையம் இல்லாதவரின் அறிவித்தலைக் கமக்காரர் அமைப்பின் செயலாளர் பதிவு செய்யலாம். அண்மையிலுள்ள பொருள் முதலிற் காட்டப்படல் வேண்டும். ஏனெனில் வண்டிக்கூலி விலையை விழுங்கிவிடும்.

நாற்று அறிவித்தல் ஒரு வாரத்திலும், விதைநெல் அறிவித்தல் விதைப்புக்காலம் முடிந்ததும் தானாக நீங்குமாறு செய்க. தீர்ந்த பொருளைத் தேடி இருமுறை ஏமாந்தவர் மூன்றாம் முறை தளத்தை நாடார். தொலைபேசி இலக்கத்தை யாவருக்கும் காட்டாது, பொருளை வாங்க விரும்புவோர்க்கு மட்டும் தெரிவித்தல் வேண்டும்.

2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு, நவம்பரில் அத்தடை நீக்கப்பட்டது. அக்காலத்திற் பசளை கிடைத்தற்கரிதாயிற்று. இத்தகைய தட்டுப்பாட்டில், மிகுதியுடையவர் பதுக்கி வைக்கவும், போலிப் பொருளை விற்போர் உட்புகவும் இடமுண்டு. ஆதலின் ஒவ்வோர் உறுப்பினரும் தம் கமக்காரர் அமைப்பினால் உறுதிப்படுத்தப்படல் வேண்டும். கேட்ட விலைகள் யாவருக்கும் தெரியுமாறு இருத்தல் வேண்டும். பொய் அறிவித்தல் இட்டவர் நீக்கப்படல் வேண்டும்.

கைமாற்றும்போது

பொருளைக் காணுமுன் பணம் அனுப்புதல் ஆகாது. சாக்கைத் திறந்து பார்த்து, நிறுத்து, இனமும் அளவும் திகதியும் எழுதிய துண்டில் இருவரும் ஒப்பமிடுக. வாங்கிய விதையிற் சிறிதளவை விதைக்குமுன் மீண்டும் சோதித்தல் நன்று. ஐயமுள்ளவர் விவசாயப் போதனாசிரியரிடமோ, விவசாயத் திணைக்களத்தின் 1920 என்னும் தொலைபேசி இலக்கத்திலோ ஆலோசனை பெறலாம்.

நல்ல விதையை நல்ல விதையென்றும், பழையதைப் பழையதென்றும் எழுதுபவரின் பெயர் அடுத்த போகத்திலும் நிற்கும். முளையாத விதையை வாங்கியவர் இழப்பது விலையை மட்டுமன்று. மழையையும், உழவுக்கூலியையும், முழுப் போகத்தையுமாம்.